ஆடு புலியும் அலைபேசியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் கண்ணுக்கு எட்டியவரை வானம் பார்த்த பூமியும் சீமைக் கருவேலமுந்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால் கண்மாய் பெருகும்; பெய்யாவிட்டால் குண்டாற்றில் மணலைத்தான் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டுகள் இம்மண்ணுக்கு எத்தனையோ உண்டு. ஆனால் விளையாட்டுப் பொய்த்த ஆண்டு ஒன்றுகூட இருந்ததில்லை. சிறுவருக்குக் கிட்டியும் பம்பரமும், சிறுமியருக்குப் பாண்டியும் பல்லாங்குழியும், பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் பொதுவாகத் தாயமும் ஆடு புலி ஆட்டமும் இருந்தன. இவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. திண்ணையில் கரித்துண்டால் கட்டம் கீறிப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் எடுத்துக்கொண்டால் போதும், பொழுது போவதே தெரியாது.

இன்றோ இவை யாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு அலைபேசி விளையாட்டு நடுவீட்டில் வந்து அமர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் படிப்பதற்கென்றே கடன் பட்டு அலைபேசி வாங்கிய வீடுகள் எங்கள் பக்கத்தில் பல. பாடம் முன்வாசல் வழியாக வந்தது; விளையாட்டு அதன் பின்னாலேயே நுழைந்தது. பள்ளிகள் திறந்ததும் பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. விளையாட்டு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு எந்த வீடியோ விளையாட்டைத் தரலாம், எதைத் தரலாகாது? அன்புத் தோழியரே, இக்கேள்வி எங்கள் வீட்டில் ஒரு வழக்கு மன்றம் போலவே நடந்தது. அதை உங்களுக்குச் சொல்வது பயன் தரும் என எண்ணுகிறோம்.

நாங்கள் அக்காள் தங்கை இருவர். எங்களுக்கு அடுத்துப் பத்து வயதில் ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அப்பாவிடம் இருப்பது பொத்தானை அமுக்கிப் பேசும் பழைய போன். படம் தெரியும் போன் வீட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவுடையது. அப்பத்தாவுக்கு உடம்புக்கு ஏதேனும் ஆனால் கூப்பிட வேண்டுமே என்று அதை வீட்டில் வைத்துவிட்டே அம்மா வேலைக்குப் போவார். இவ்வாண்டு தம்பி புதுநன்மை வாங்க வேண்டியவன். மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்ததும் அவன் கையில் ஏறுவது அந்தப் போன்தான்.

அப்பத்தா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார். “சேசுவே! புதுநன்மை வாங்கப் போற பிள்ளை கையில துப்பாக்கிப் படமா? அந்தப் போனத் தூக்கி அடுப்புல போடு.”

அம்மாவின் பதிலும் உடனே வந்தது. “வெயில்ல அலையாம, கண்மாய்ல இறங்காம, கருவக்காட்டுப் பக்கம் போகாம பிள்ளை வீட்டுல இருக்கணும்ல அத்தை? நாங்க ரெண்டு பேரும் தறியில நிக்கிறோம். அவன் என்னதான் செய்வான்?”

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. பேரனின் ஆன்மாவைப் பற்றி அப்பத்தா கவலைப்பட்டார். மகனின் உயிரைப் பற்றி அம்மா கவலைப்பட்டார். அப்பா எங்களைப் பார்த்து, “நீங்கதான படிக்கிற பிள்ளைக. எது ஆகும், எது ஆகாதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அதுபடி செய்வோம்” என்றார். அவ்விசாரணையின் விளைவே இக்கட்டுரை.

முதலில் திருச்சபை என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. அன்று வீடியோ விளையாட்டு வீடுகளில் இல்லை. திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் அச்சு ஏடுகளுமே பேச்சு. அக்கருவிகளைத் திருச்சபை சாபமிட்டு ஒதுக்கவில்லை. நன்முறையில் பயன்படுத்தினால் மனித குலத்துக்கு நலம் பயக்கும் என்றே ஏற்றது. அதே வேளையில், தீங்கானது வீட்டு வாசலைத் தாண்டி வராமல் காப்பது பெற்றோரின் கடமை என்றும் நினைவூட்டியது. பின்னர் 2007ஆம் ஆண்டு, உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் குழந்தைகளையும் ஊடகங்களையும் பற்றியே பேசினார். பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் புகழ்வனவற்றையும், ஆண் பெண் உறவை மலிவாக்குவனவற்றையும் அவர் கடிந்தார். வீடியோ விளையாட்டுகளையும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆகவே விளையாட்டு பாவமன்று. தேர்ந்தெடுக்காமல் விடுவதே ஆபத்து என்று புரிந்துகொண்டோம்.

இதைவிட எங்களை வியக்க வைத்தது ஒரு புனிதரின் வாழ்க்கை. 1991இல் இலண்டனில் பிறந்து இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்த கார்லோ அக்குத்திஸ், 2006 அக்டோபர் 12 அன்று இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. அதாவது நம் பத்தாம் வகுப்பு மாணவியரின் வயது! கணினியில் வல்லவரான அவர் உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தப் புனிதருக்கு வீடியோ விளையாட்டு மிகவும் பிடிக்கும். ஆயினும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று அவர் தமக்கே எல்லை வகுத்துக்கொண்டார் என அவரது வரலாறு கூறுகிறது.

இதை அப்பத்தாவிடம் சொன்னோம். முதலில் நம்பவே இல்லை. “அர்ச்சிஷ்டவரு போன்ல விளையாடினாரா?” என்று இருமுறை கேட்டார். “போன் இல்ல அப்பத்தா, டி.வி.யில மாட்டி ஆடுற பெட்டி” என்றோம். சற்று நேரம் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “வாரத்துக்கு ஒரு மணின்னா சரிதான்” என்றார். அடுப்பில் போடும் தீர்ப்பு அன்றே தள்ளுபடியாயிற்று.

அடுத்து விளையாட்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அலைபேசிக் கடையில் ஒவ்வோர் ஆட்டத்தின் பெயருக்குக் கீழும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஓர் எண் இருக்கிறது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எத்தனை வயதுக்கு மேற்பட்டவருக்கு அந்த ஆட்டம் தகும் என்பதையே அது குறிக்கிறது. அதைத் தொட்டால் வன்முறை, அச்சம், தகாத மொழி முதலியவற்றுள் எதனால் அவ்வெண் தரப்பட்டது என்றும் சொல்லும். அமெரிக்காவில் 1994இலும் ஐரோப்பாவில் 2003இலும் இத்தகைய வயதுக் குறியீட்டு முறைகள் தொடங்கின. பத்து வயதுப் பிள்ளையின் கையில் 16+ என்று குறித்த ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கெட்டுப் போகிறான் என்று கண்ணீர் வடிப்பதில் பொருளில்லை. ஆகவே எண்ணைப் பார்த்தல் முதல் சோதனை.

ஆனால் எண்ணோடு வேலை முடிந்துவிடவில்லை. ஏன் என்பதற்கு எங்கள் திண்ணையே சாட்சி. அப்பத்தா சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஆடிவருவது ஆடு புலி ஆட்டம். அதில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு செத்தது. யோசித்துப் பார்த்தால் அது முழுக்க முழுக்கக் கொல்லும் ஆட்டம்! “இதுலயும்தான அப்பத்தா உயிர் போகுது? இதை மட்டும் ஏன் ஆடுறீங்க?” என்று தம்பியே ஒரு நாள் மடக்கிவிட்டான். அப்பத்தா சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை. அந்த விடையைத் தேடிப் போனபோதுதான் எங்களுக்கு உண்மையான அளவுகோல் கிடைத்தது.

புளியங்கொட்டை இரத்தம் சிந்துவதில்லை என்பது ஒரு காரணம். கொல்வதைக் கண்முன் காட்டி அதில் களிப்பூட்டுவதும், கல்லை நகர்த்திக் கணக்குப் போடுவதும் ஒன்றாகா. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆடு புலி ஆட்டம் முடிந்துவிடும். புலி கட்டப்பட்டால் முடிந்தது. ஆடு தீர்ந்தால் முடிந்தது. கோயில் மணி அடித்தால் பாதியிலும் எழுந்து போகலாம். திரும்பி வரும்போது கல் கல்லாகவும் கொட்டை கொட்டையாகவும் அங்கேயே இருக்கும். ஆட்டம் ஆளைப் பிடித்து வைப்பதில்லை. ஆளே ஆட்டத்தை வைத்திருக்கிறார்.

அலைபேசியில் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைப் பாருங்கள். பப்ஜியில் ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர் வரை ஒரு தீவில் குதிக்கிறார்கள். கடைசியில் எஞ்சுபவரே வென்றவர். அரை மணி வரை நீளும் அவ்வாட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. எழுந்து போனால் கூட்டாளிகள் தோற்பார்கள், ஏசுவார்கள். எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குக் குடும்ப செபம். தம்பி இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில் இருந்த நாள்களில் அந்த ஏழரை மணியே போர்க்களமாயிற்று. “இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்” என்பான். முழங்காலில் நின்றாலும் கண் போனின் மேலேயே இருக்கும். ஆண்டவரைக் காக்க வைப்பதில் அவனுக்கும் மகிழ்ச்சி இல்லை. ஆட்டம் அவனை விடவில்லை.

நம் அரசு பப்ஜியை வேறு 117 செயலிகளோடு சேர்த்து 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. ஃப்ரீ ஃபயர் என்ற ஆட்டம் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. நாட்டுப் பாதுகாப்பும் மக்களின் விவரங்கள் வெளியே போவதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பப்ஜிக்குப் பதிலாக 2021இல் இந்தியாவுக்கென்றே வந்த மாற்று ஆட்டம் 2022இல் விலக்கப்பட்டு, 2023இல் மீண்டும் வந்தது. சீனாவில் 2021 செப்டம்பர் முதல், பதினெட்டு வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தார்கள். அரசின் கதவு இவ்வாறு மூடும், திறக்கும். வீட்டுக்கு அதன் சொந்தக் கதவு வேண்டாமா?

கண்மாய்க்கரைப் பிள்ளைகளான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்மாயில் நீர் இருப்பது மட்டும் வெள்ளாமைக்குப் போதாது. மடை வேண்டும், அதைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டும். மிஞ்சிய நீர் கலுங்கு வழியே போக வேண்டும். மடை அடைபடாவிட்டால் ஒரு வாரத்தில் கண்மாய் காலி. கோடையில் ஆடு மாட்டுக்கும் நீர் இராது. பிள்ளையின் பொழுதும் அவ்வாறே. அது வற்றாத ஆறு அன்று. மழை நீர் போல அளவாகக் கிடைப்பது.

மருத்துவ உலகமும் இதைக் கவனித்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தையே வைத்தல், கேடு வருவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றுமே அதன் அடையாளங்கள். பொதுவாக இவை ஓராண்டேனும் நீடித்து, வாழ்க்கையைப் பெரிதும் பாதித்தால்தான் நோய் என்பர். ஆகவே ஆடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அம்மூன்றையும் கவனியுங்கள். ஆட்டத்தில் இரத்தம் இருந்ததா என்று அவை கேட்கவில்லை. நிறுத்த முடிந்ததா என்றே கேட்கின்றன.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. தம்பியின் ஆட்டங்களுள் பயிர் வளர்க்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை. சிறு குழந்தைக்கும் ஆகும் என்றே அதன் எண் சொல்லியது. அப்பத்தாவுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. “நல்ல மழை போல, பச்சைப் பசேல்னு இருக்கே” என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆனால் அதில் குறித்த நேரத்தில் வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்று 2009இல் வந்த ஃபார்ம்வில் ஆட்டத்திலும் இதே விதிதான் இருந்தது. அது 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டுவிட்டது. அதன் வழித்தோன்றல்கள் பல இன்றும் உண்டு.

எங்கள் தம்பி பின்னிரவில் எழுந்து போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அறுவடை செய்தான். கேட்டால், “வாடிப் போயிருமே அக்கா” என்று கண் கலங்கினான். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குத் திருச்சுழிப் பக்கம் கொஞ்சம் புஞ்சை உண்டு. அவ்வாண்டு அங்கே போட்ட மக்காச்சோளம் மழையில்லாமல் கருகியது. அப்பா ஓர் ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார். அந்த வாட்டத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போனுக்குள் இருந்த வாட்டமோ பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைக்க வேண்டுமென்றே யாரோ எழுதி வைத்தது. உண்மையான பயிரைக் கண்டு கலங்க வேண்டிய மனத்தைப் பொய்ப் பயிர் களவாடுவதைப் பார்த்த அன்று, அந்த ஆட்டத்தைப் பட்டியலிலிருந்து அடித்தோம். புலி உள்ள ஆட்டம் தேறியது. பூவும் காயும் உள்ள ஆட்டம் தேறவில்லை. வேடிக்கைதான், ஆனால் உண்மை.

அடுத்த சோதனை காசு. இலவசம் என்று சொல்லி வரும் ஆட்டம் பலவற்றில் வைரம், நாணயம் என்று ஒரு பொய்க்காசு உண்டு. அதை மெய்க்காசு கொடுத்து வாங்க வேண்டும். வைரமாக மாறிவிட்ட பின் எத்தனை ரூபாய் போயிற்று என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியையும் அதைக் கொண்டு வாங்கச் சொல்வார்கள். திறந்தால் சில வேளை நல்ல பொருள், பல வேளை ஒன்றுமில்லாத பொருள். இதற்கும் சூதாட்டத்துக்கும் என்ன வேறுபாடு? பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

எங்கள் உறவினர் ஒருவருக்கு மல்லிகைத் தோட்டம். பனி, வெயில் பாராமல் விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்து, அருப்புக்கோட்டைப் பூக்கடைக்குப் போட்டுச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்தது. எட்டு வயது மகன் போனில் இருபது, ஐம்பது, நூறு என்று வைரம் வாங்கியதில் நாலாயிரத்துச் சொச்சம் கரைந்துவிட்டது. அவன் திருடவில்லை; பொத்தானைத்தான் அமுக்கினான். அந்த அத்தை அழுத அழுகையில் பூப்பறித்த விடியல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி செய்ய அந்தப் போனிலேயே வழி இருந்தது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் அவர்களுக்கு ஆள் இல்லை. படிக்கிற பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வேலை நம்முடையது அன்றோ?

பணம் கட்டி ஆடும் சூது விளையாட்டுகளைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அது ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்ற, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். கடனாலும் தற்கொலையாலும் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரே இச்சட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பெரிய வாசலைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். வைரம் விற்கும் சிறிய வாசலை அம்மாவும் நாமுந்தான் பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனை துணை. ஆட்டத்தில் பிள்ளையோடு இருப்பவர் யார்? முகம் தெரியாதவர் குரல் வழியே பேசும் ஆட்டங்கள் உண்டு. அவரது வயது என்ன, ஊர் எது, எண்ணம் என்ன என்று யாருக்கும் தெரியாது. வாசலில் நிற்கும் அந்நியரிடம் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் தறிக்குப் போவதில்லை. போனுக்குள் நிற்கும் அந்நியருக்கும் அதே விதிதான். பேச்சை அடைக்கும் வசதி இருந்தால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட வேண்டும்.

ஆக நான்கு கேள்விகள். வயதுக்குத் தகுமா? நினைத்தபோது நிறுத்த முடியுமா? காசு கேட்குமா? கூட இருப்பவர் யார்? ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட்டு ஒவ்வோர் ஆட்டமாக மதிப்பெண் இட்டோம். பதினொரு ஆட்டங்களில் மூன்று தேறின. ஒன்று சதுரங்கம். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததும், சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனதும் அவனுக்கு மனப்பாடம். மற்றொன்று கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் ஆட்டம். அதில் அவன் நம் பங்குக் கோயிலைக் கோபுரத்தோடு கட்டிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது ஒரு சொல் விளையாட்டு. தாயக்கட்டை உருட்டும் ஆட்டம் ஒன்று பார்க்க நம் ஊர் ஆட்டம் போலவே இருந்தும், நிமிடத்துக்கொரு விளம்பரமும் நாணயக் கடையும் வைத்திருந்ததால் தோற்றது.

நல்ல ஆட்டங்களும் உலகில் உருவாகின்றன என்பதற்கு ஒன்று சொல்வோம். 2023இல் வெண்பா என்றே தமிழ்ப் பெயர் சூட்டி ஒரு வீடியோ விளையாட்டு கனடாவிலிருந்து வந்தது. 1980களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு, இட்லி முதலான பண்டங்களை எப்படிச் செய்வது என்று ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. யாரையும் சுட வேண்டியதில்லை. கணினியிலும் விளையாட்டுப் பெட்டியிலும் ஆடக்கூடியது. 2024இல் பிரிட்டனின் புகழ்பெற்ற பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இத்தகைய ஆட்டங்களைச் செய்ய நம்மிலிருந்தே ஒருத்தி வரலாகாதா?

தேர்ந்தெடுத்தபின் ஒழுங்கும் வகுத்தோம். போன் நடுவீட்டில்தான், பாயில் இல்லை. நாளுக்கு அரை மணி. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டமில்லை. அதைத் தம்பியே தன் ஒறுத்தலாகச் சொன்னான். எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். அரை மணி முடிந்ததும் முகம் தூக்குகிற நாள் இன்றும் உண்டு. ஒரு முறை நோட்டையே ஒளித்து வைத்துவிட்டான். ஆனால் பின்னிரவில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதில்லை. ஏழரைக்கு அப்பத்தா செபமாலையை எடுத்தால் அவனும் வந்து அமர்கிறான்.

ஒன்றை மட்டும் பெற்றோருக்கு வணக்கத்தோடு சொல்ல விரும்புகிறோம். விலக்குவது எளிது, விலக்கிய இடத்தை நிரப்புவதே கடினம். அம்மா கேட்ட, “அவன் என்னதான் செய்வான்?” என்ற கேள்வி எந்தச் சட்டத்தாலும் தீராது. எங்கள் வீட்டில் அதற்கு விடையாக அப்பத்தாவே முன்வந்தார். பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் கட்டம் கீறி, “வாடா, இன்னிக்கு நீ ஆடு, நான் புலி” என்று அழைப்பார். நாங்கள் முறை வைத்துக்கொண்டு பாடம் முடிந்ததும் அவனோடு சதுரங்கம் ஆடுகிறோம். பொதுத்தேர்வு ஆண்டில் அரை மணி பெரிதுதான். ஆயினும் போனுக்கு அவனை விட்டுக் கொடுப்பதைவிட அது சிறிது.

திருக்குடும்பத்திலும் ஒரு சிறுவன் இருந்தான். நாசரேத்தில் தச்சுப் பட்டறையின் மரச்சீவல்களுக்கு நடுவே அவனும் விளையாடியிருப்பான் அன்றோ? மாதா கூப்பிட்டதும் அவன் எழுந்து வந்திருப்பான். அப்படி எழுந்து வர விடுகிற விளையாட்டு எதுவோ, அதுவே கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏற்ற விளையாட்டு. அதை அறிந்து தேர்ந்துகொள்ளும் தெளிவை நம் வீடுகளுக்கு இறைவன் அருள்வாராக!